தரை காய்ந்துதான் இருந்தது: மூன்று முறை விழுந்த ஓர் அம்மாவின் சமநிலையை அளந்த அனுபவம்

பினாங்கின் பெருநிலப் பக்கம், பட்டர்வொர்த்துக்கு அருகில் ஒரு சிறிய மறுவாழ்வு மையத்தில் இயன்முறை சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். இங்கே எழுதியிருப்பது 2023 ஜூலையில் தொடங்கி 2024 மே வரை நடந்தது. அந்த அம்மாவும் அவருடைய மகனும் அனுமதி கொடுத்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் மூன்று மாதம் நான் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அளவுகளைச் சரியாகத்தான் எடுத்தேன். எடுத்ததைக் கூட்டிப் பார்த்தேன், படித்துப் பார்க்கவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

பின்னணி

அம்மாவுக்கு அப்போது வயது 67. இள வயதில் செபெராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டியவர். தோட்டம் தாமானாக (குடியிருப்புப் பகுதியாக) மாறியபின், மகன் குடும்பத்தோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். சர்க்கரை நோய் 15 வருடமாக உண்டு. அன்று முதல் மெட்ஃபார்மின் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறாமல். கணவர் இறந்து 11 வருடம் ஆகிறது. அன்றிலிருந்து சுத்த சைவம், முட்டைகூட இல்லை. பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் காலையில் பசியாறும்போது கோப்பி ஓ மட்டும்தான்.

இதெல்லாம் முதல் நாளே படிவத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது.

மே மாதம் ஒரு முறை, ஜூன் மாதம் ஒரு முறை, இரண்டு தடவையும் விடியற்காலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். முதல் தடவை முழங்காலில் சிராய்ப்பு, இரண்டாவது தடவை மணிக்கட்டில் வீக்கம். எலும்பு முறிவு இல்லை. "வழுக்கிருச்சு தம்பி" என்றார். மகன் ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டார், சுவரில் கைப்பிடி பொருத்தினார். சர்க்கரை பார்க்கும் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, கால் பலத்துக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி எங்களிடம் அனுப்பினார்கள்.

முதல் அளவீடு

ஜூலை இரண்டாம் வாரம், காலை பத்து மணி. வெளிச்சமான அறை, சமமான தரை.

பெர்க் சமநிலை அளவுகோலை எடுத்தேன். கனடாவில் கேத்தரின் பெர்க் 1989-இல் உருவாக்கியது இது. உட்கார்ந்து எழுவது, கை நீட்டுவது, கீழே கிடக்கும் பொருளை எடுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது என்று 14 வேலைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 56. நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அம்மா எடுத்தது 50.

அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை. 11.6 விநாடி எடுத்தார். பன்னிரண்டும் அதற்கு மேலும் போனால்தான் கவலைப்படச் சொல்லுவார்கள். ஐந்து முறை கையூன்றாமல் எழுந்து உட்கார 17.8 விநாடி ஆனது. அது மெதுவுதான். சரி, தொடையில் பலம் குறைவு, குளியலறைத் தரை ஈரம், அதனால் விழுந்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். எனக்கு வந்த கடிதத்திலும் அதுதான் இருந்தது, குடும்பமும் அதையே சொன்னது. எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது.

அந்தத் தாளைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். போன ஆறு மதிப்பெண்ணில் ஐந்து, ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைத்து நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, படிக்கட்டையில் மாற்றி மாற்றிக் கால் வைப்பது ஆகியவற்றில் போனவை. அந்த வயதில் பலருக்கும் போகிற இடங்கள்தான். ஆறாவது மதிப்பெண் போனது கண்ணை மூடிப் பத்து விநாடி நிற்கும் வேலையில். அதில் 4-க்குப் பதில் 3 போட்டிருக்கிறேன். பத்து விநாடி நின்றார், ஆனால் பக்கத்தில் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது என்று அதற்குப் பொருள். அந்த வேலையில் பாதங்களை ஒட்டி வைக்க வேண்டியதில்லை, அகட்டி வைத்துக்கொள்ளலாம். அகட்டி வைத்தும் அவர் ஆடியிருக்கிறார். ஒரே ஒரு மதிப்பெண் என்று கடந்துவிட்டேன்.

ஆறு வாரப் பயிற்சி

வாரம் இரண்டு நாள் வந்தார். நாற்காலியிலிருந்து எழுவது, குதிகால் தூக்குவது, படி ஏறி இறங்குவது. ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் திரும்ப அளந்தபோது எழுந்து உட்காருவது 13.2 விநாடிக்கு வந்திருந்தது, நடந்து திரும்புவது 10.3 விநாடி. பெர்க் 52. மகனுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளை எழுதிக் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மூன்றாவது வீழ்ச்சி

அக்டோபர் முதல் வாரம் மருமகள் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மா மறுபடி விழுந்துவிட்டார், நெற்றியில் மூன்று தையல். குளியலறையா என்று கேட்டேன். இல்லை, சமையலறைக் கைகழுவும் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாராம்.

"தரை ஈரமா இருந்துச்சாமா?"

"இல்ல சார், நான் அப்பதான் துடைச்சிட்டு ஃபேன் போட்டிருந்தேன். தரை காய்ஞ்சுதான் இருந்துச்சு. சோப்பு போட்டு ரெண்டு கையாலயும் முகத்தத் தேச்சிக்கிட்டு இருந்தாங்க, அப்படியே முன்னால சாய்ஞ்சு குழாயில இடிச்சுக்கிட்டாங்க. வழுக்கவே இல்ல."

தொலைபேசியை வைத்த பிறகு கொஞ்ச நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. முகம் கழுவும்போது கண்ணை மூடுகிறோம். இரண்டு கையும் முகத்தில் இருக்கிறது, எதையும் தொட்டுக்கொண்டில்லை. தலை குனிந்திருக்கிறது. முந்தைய இரண்டு வீழ்ச்சிகளும் விடியற்காலை, குளியலறையில். அப்போதும் முகம்தான் கழுவியிருப்பாரோ?

தையல் பிரித்த மறுநாள் வரச் சொன்னேன். கேட்டேன். இரண்டு தடவையும் முகம் கழுவும்போதுதான். "வழுக்கிருச்சுன்னு நானா நெனச்சிக்கிட்டேன் தம்பி. தண்ணி இருக்குற எடத்துல விழுந்தா வேற என்ன நெனைக்கிறது?"

மறு அளவீடு

இந்த முறை அளக்க வேண்டியது அவர் எவ்வளவு நன்றாக நிற்கிறார் என்பதை இல்லை. எந்த நிலைமையில் நிற்க முடியவில்லை என்பதை.

நிற்பதற்கு உடம்புக்கு மூன்று வழியில் செய்தி வருகிறது. கண் பார்க்கிறது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு தலையின் அசைவைச் சொல்கிறது. பாதத்தின் தோலும் கணுக்காலின் தசையும் மூட்டும் தரை எப்படி இருக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்கின்றன. ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் ஈடுகட்டும். அதனால் வெளிச்சமான அறையில், சமமான தரையில் சோதித்தால் ஒன்றும் தெரியாமலே போகலாம். ஜூலையில் எனக்கு நடந்தது அதுதான்.

ஒவ்வொன்றாகப் பறித்துப் பார்க்கும் சோதனையை 1986-இல் ஷம்வே-குக், ஹோராக் என்ற இரண்டு அமெரிக்க இயன்முறை சிகிச்சையாளர்கள் எழுதினார்கள். கெட்டித் தரை, மெத்து மெத்தென்ற நுரைப்பலகை, கண் திறந்து, கண் மூடி. முதல் வடிவத்தில், கண்ணுக்குப் பொய்யான காட்சி தருவதற்காக ஒரு காகித விளக்குக் கூட்டைத் தலையில் கவிழ்த்தார்கள். ஜார்ஜ்டவுன் கடைகளில் அந்த மாதிரிக் கூடு தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். இப்போது பெரும்பாலும் கூடு இல்லாமல் நான்கு நிலைமைகளை மட்டும் பார்க்கிறோம். ஒவ்வொன்றும் 30 விநாடி.

அம்மாவுக்கு இடுப்புப் பட்டை கட்டி, முன்னால் ஒருவர், பின்னால் நான்.

கெட்டித் தரையில் கண் திறந்து 30 விநாடியும் நின்றார். நுரைப்பலகையில் கண் திறந்து 19. கெட்டித் தரையில் பாதங்களை ஒட்டி வைத்துக் கண் மூடியதும் கணுக்கால் இரண்டும் துடிக்க ஆரம்பித்தன. கால்விரல்கள் தரையைப் பிறாண்டுவதுபோல மடங்கின. 7 விநாடியில் முன்னால் சாய்ந்தார், பட்டையைப் பிடித்து நிறுத்தினோம். மூன்று முறை எடுத்ததில் சராசரி 6. நுரைப்பலகையில் கண் மூடியபோது 2 விநாடி. அதை மறுபடி எடுக்கவில்லை.

உள்காது மட்டும் கெட்டிருந்தால் கெட்டித் தரையில் கண்ணை மூடினாலும் பாதம் சொல்லும் செய்தியை வைத்து பெரும்பாலும் நின்றுவிடுவார்கள். நுரைப்பலகையில் கண் மூடும்போதுதான் விழுவார்கள். இவர் கெட்டித் தரையிலேயே விழுகிறார். அதாவது பாதம் சொல்லும் செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை, இத்தனை நாளும் கண்ணை வைத்தே நின்றுகொண்டிருந்திருக்கிறார்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1840-களில் பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் எழுதிவைத்த அடையாளம் இது. மேகநோய் (சிஃபிலிஸ்) முற்றி முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புக் கற்றைகள் கெட்டுப்போன நோயாளிகள், கண்ணை மூடியதும் ஆடி விழுந்தார்கள். முகம் கழுவும்போது முன்னால் சாய்வதையும் நரம்பியல் பாடத்தில் ஓர் அடையாளமாகவே சொல்லித் தருவார்கள். நானும் படித்ததுதான். மருமகள் சொல்லிக் கேட்கும்வரை ஞாபகம் வரவில்லை.

எண்ணாகவும் ஒரு பதிவு வேண்டும் என்று அழுத்தப் பலகையில் நிற்கவைத்தோம். ஆய்வகப் பலகை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. 2007-இல் விளையாட்டுக்காக வந்த நிண்டெண்டோ வீ பலகைதான் இருக்கிறது. நான்கு மூலையிலும் எடை உணரி உண்டு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு அதை ஆய்வகப் பலகையோடு ஒப்பிட்டு, நிற்கும்போது ஏற்படும் ஆட்டத்தை அளக்க அது போதும் என்று கண்டது. உடம்பின் பாரம் எந்தப் புள்ளியில் பலகையை அழுத்துகிறது என்பதை அது நொடிக்கு நொடி வரைந்துகொண்டே போகும். அந்தக் கோட்டின் நீளம்தான் நாம் பார்ப்பது. அசையாமல் நிற்பதாக நினைக்கும் யாருக்கும் அந்தக் கோடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். கண் மூடினால் கொஞ்சம் நீளும்.

பாதங்களுக்கு நடுவே ஒரு கைமுட்டி இடைவெளி விட்டு 30 விநாடி. கண் திறந்து 44 செ.மீ., கண் மூடி 127 செ.மீ. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. திரையில் முதல் கோடு ஒரு பொட்டு அளவில் சுருண்டிருந்தது. இரண்டாவது, குழந்தை கிறுக்கியதுபோல் திரை முழுவதும் ஓடியது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தார். "இது நானா?" என்றார்.

அன்றே பெர்க்கையும் மறுபடி எடுத்தேன். 52. நெற்றியில் தையல் காயத்தோடு 52.

காலில் தேடியது

இதற்குப் பிறகு காரணம் தேட வேண்டும். படுத்த நிலையிலும், எழுந்து மூன்று நிமிடம் வரையிலும் இரத்த அழுத்தம் பார்த்தோம். எழுந்ததும் 20 புள்ளி இறங்கியிருந்தால் அதையும் சந்தேகிக்கலாம், இறங்கவில்லை. தலையைச் சட்டென்று திருப்பிக் கண் பின்தொடர்கிறதா என்று பார்த்தோம், சரியாக இருந்தது. படுக்கவைத்துத் தலையைத் தொங்கவிட்டுச் செய்யும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையிலும் தலைசுற்றலோ கண் துடிப்போ வரவில்லை.

பாதத்தில் நைலான் இழையால் தொட்டால் பத்து இடத்தில் எட்டில் தெரிந்தது. குச்சி முனையின் கூர்மை முழுக்கத் தெரிந்தது. ஆனால் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரலில் வைத்தால் அதிர்வே தெரியவில்லை. கணுக்காலிலும் இல்லை. முழங்காலில்தான் "லேசா உறுமுது" என்றார். கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரலை மேலோ கீழோ அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்டோம். எட்டுத் தடவையில் நான்கு சரி. காசு சுண்டிப் பார்த்தாலும் நான்கு வரும்.

சர்க்கரைதானே காரணம் என்று மகன் கேட்டார். கேட்டது நியாயம்தான். பல வருடச் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வைக் கெடுக்கும், அதிர்வு உணர்வையும் சேர்த்து. நானும் முதலில் அங்கேதான் நின்றேன். ஆனால் சில விஷயங்கள் ஒட்டவில்லை. இவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.1, மோசமில்லை. சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் முழங்கால் தட்டும்போது வரும் துள்ளல் குறையும், இவருக்குக் கூடியிருந்தது. அது பாதத்தைவிட மேலே, முதுகுத்தண்டைப் பார்க்கச் சொல்லும் அடையாளம்.

அப்புறம்தான் ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். கால் எப்படி இருக்கிறது? "பஞ்சு கட்டிக்கிட்டு நடக்குற மாதிரி இருக்கு. போன வருசத்துல இருந்தே." கையில்? விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, பூ கட்ட முடிவதில்லை. நாக்கு? என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நாக்கு எரியுது. சம்பல் தொட்டு எத்தனை மாசமாச்சு." ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க விழுந்ததப் பத்தித்தானே கேட்டீங்க தம்பி."

கடிதமும் முடிவும்

நோய் இன்னதென்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அளந்ததை அளந்தபடி எழுதி அனுப்புவது என் வேலை. அன்று மாலையே மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மூன்று வீழ்ச்சியும் கண் மூடியபோது நடந்தவை, கெட்டித் தரையில் கண் மூடி 6 விநாடி, அதிர்வும் மூட்டு உணர்வும் இல்லை, முழங்கால் துள்ளல் அதிகம், கை மரப்பு, நாக்கு எரிச்சல், 15 வருட மெட்ஃபார்மின், 11 வருடச் சைவ உணவு. கடைசியில் வைட்டமின் பி12 பார்க்க முடியுமா என்று ஒரு வரி.

மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தால் குடலில் பி12 உறிஞ்சப்படுவது குறையலாம் என்பது தெரிந்த விஷயம். இந்த மருந்தை எடுப்பவருக்கு அறிகுறி தெரிந்தால் பி12 அளவைப் பார்க்கும்படி பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022-இல் மருத்துவர்களுக்கு நினைவூட்டியது. இயற்கையில் பி12 கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்றவற்றில்தான். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் உணவை நிறுத்தினாலும் பல வருடம் ஒன்றும் தெரியாது. நரம்பைச் சுற்றியிருக்கும் உறை நலமாக இருக்க அது வேண்டும். குறைந்தால் கெடுவதில் முக்கியமானது முதுகுத்தண்டின் பின்பக்கக் கற்றை, ரோம்பெர்க்கின் நோயாளிகளுக்குக் கெட்ட அதே இடம். இவருக்கு மாத்திரையும் உணவும் இரண்டு பக்கமிருந்தும் வழியை அடைத்துவிட்டன.

அக்டோபர் கடைசியில் முடிவு வந்தது. பி12 லிட்டருக்கு 84 பிக்கோமோல். 148-க்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். இரத்தசோகை கொஞ்சம் இருந்தது, சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. நரம்பியல் மருத்துவர் பார்த்து உறுதி செய்தார். தீபாவளிக்கு முந்தைய வாரம் முதல் ஊசி. ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு இடைவெளி கூடியது.

இந்த இடத்தில் இரண்டு விஷயம் நடந்தது. மகன் கோபத்தில் மெட்ஃபார்மினை அன்றே நிறுத்தப் பார்த்தார். வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் சர்க்கரை மாத்திரையில் கை வைக்காதீர்கள் என்றோம். மருத்துவர் அளவைக் குறைத்துத் தொடரச் சொன்னார். இன்னொன்று, இரத்தசோகைக்கு என்று யாரோ உறவினர் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கி வந்திருந்தார். பி12 கொடுக்காமல் அதை மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறிவிடும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். நல்லவேளையாக ஊசி முதலில் போட்டாகிவிட்டது. அம்மா அந்த மாத்திரையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார், அதனால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பயிற்சியை மாற்றியது

ஊசி நரம்பைத் தேற்றுவதற்கு மாதங்கள் ஆகும், முழுவதும் தேறும் என்ற உறுதியும் இல்லை. அதுவரை அவர் விழக்கூடாது. ஆகவே வீட்டில் சில மாற்றங்கள். முகத்தை உட்கார்ந்து, ஈரத்துண்டால், ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் துடைப்பது. படுக்கையிலிருந்து குளியலறைவரை இரவு விளக்கு. சாமி கும்பிடும்போது கண் மூடினால் ஒரு விரலைச் சுவரில் வைத்துக்கொள்வது.

அந்தக் கடைசி யோசனை 1994-இல் ஜெக்கா, லாக்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டதிலிருந்து வந்தது. விரல் நுனியால் ஒரு பொருளை மெல்லத் தொட்டாலே, ஒரு நியூட்டனுக்கும் குறைவான அழுத்தத்தில்கூட, உடம்பின் ஆட்டம் குறைகிறது. அந்த அழுத்தம் உடம்பைத் தாங்காது. ஆனால் பாதம் சொல்லாத செய்தியை விரல் சொல்லிவிடுகிறது.

அம்மாவுக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. பிடித்தால்தானே விழாமல் இருக்கலாம்? பலகையில் நிறுத்தி, பக்கத்தில் உயரமான மேசையை வைத்து, அதன்மேல் ஒரு காகிதத்தை விரித்தேன். "பிடிக்காதீங்கம்மா. காகிதம் கசங்கக் கூடாது. தொட்டுக்கிட்டு மட்டும் இருங்க." கண்ணை மூடினார். ஆள்காட்டி விரல் காகிதத்தின்மேல் நடுங்கிக்கொண்டே நின்றது. தோள் இறங்கியது. கால்விரல்கள் மடங்காமல் விரிந்திருந்தன. முப்பது விநாடி. கோடு 58 செ.மீ., காகிதம் கசங்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது திரையை இல்லை, காகிதத்தை.

அப்புறம் பயிற்சி. அறையின் மூலையில், முதுகுக்கும் பக்கத்துக்கும் சுவர், முன்னால் நாற்காலி. அங்கே கண்ணை மூடி நிற்பது, முதலில் விரல் தொட்டு, பிறகு விரலை எடுத்து. பாதங்களை அகட்டி ஆரம்பித்து வாரத்துக்கு வாரம் நெருக்கினோம். ஜூலையில் கொடுத்த பலப் பயிற்சிகளையும் விடவில்லை. அவை வீண் என்று நான் சொல்ல மாட்டேன், மூன்றாவது தடவை இடுப்பு முறியாமல் தப்பியதற்கு அந்தத் தொடைப் பலமும் காரணமாக இருந்திருக்கலாம்.

தைப்பூசம்

இந்தத் தைப்பூசத்துக்கும் பால்குடம் எடுக்கலாமா என்று டிசம்பரில் அவர் கேட்டார். ஒவ்வொரு வருடமும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர். 513 படி. 2024-இல் தைப்பூசம் ஜனவரி 25. ஊசி ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகியிருக்காது.

இதை யோசித்து முடிவு எடுக்க எங்களுக்கு இரண்டு சந்திப்புகள் ஆயின. அப்போது கெட்டித் தரையில் கண் மூடி 11 விநாடி நின்றார். அவர் படி ஏறும் பலம் எனக்குக் கவலையாக இல்லை. இருட்டும் கூட்டமும்தான் கவலை. விடியுமுன் ஏறுவார், தலையில் குடம், இரண்டு கையும் மேலே. நாலா பக்கமும் ஆட்கள் நெருக்கும்போது காலைக் குனிந்து பார்க்க முடியாது, கைப்பிடிக் கம்பி எட்டாது. அவர் நம்பியிருக்கும் கண்ணையும் விரலையும் ஒரே சமயத்தில் பறிக்கிற இடம் அது. வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அழுத்தப் பலகையின் கோடுகளை வைத்தே விளக்கினேன். அவர் பேசவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

மகன் தான் எடுப்பதாகச் சொன்னார். அன்று அம்மா அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அது எளிதான முடிவாக இல்லை, இன்றும் இல்லை.

விளைவு

பிப்ரவரியில் கெட்டித் தரையில் பாதங்களை ஒட்டிக் கண் மூடி 18 விநாடி. மே மாதம் 30 விநாடி முழுதாக நின்றார். நுரைப்பலகையில் கண் மூடி 6 விநாடிதான். அழுத்தப் பலகையில் கண் மூடிய கோடு 127-இலிருந்து 73-க்கு வந்தது, கண் திறந்த கோடு 41. கணுக்காலில் அதிர்வு தெரிகிறது, கட்டைவிரலில் இன்னும் இல்லை. நாக்கு எரிச்சல் டிசம்பரிலேயே போய்விட்டது. பூ கட்டுகிறார், முன்பைவிட மெதுவாக.

அக்டோபருக்குப் பிறகு விழவில்லை. ஒரு முறை மட்டும் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்), மின்விளக்கு இல்லாத ஒரு மூலையில் தடுமாறி மருமகள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பெர்க்கையும் எழுதிவிடுகிறேன். ஜூலையில் 50, ஆகஸ்டில் 52, நெற்றி உடைந்த பிறகும் 52, மே மாதம் 54. இத்தனை மாதத்தில் அவருக்கு நடந்த எதையும் அந்த மொத்தம் சொல்லவில்லை. அளவுகோலைக் குறை சொல்லவில்லை. பக்கவாதம் வந்தவர்களிடம் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். மேலே எழுதியிருக்கும் 50-ஐ மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூடியது நான்.

முதல் சந்திப்புக்கும் முதல் ஊசிக்கும் நடுவே 17 வாரம். பி12 குறைபாட்டில் நரம்பு எவ்வளவு தேறும் என்பது எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. கட்டைவிரலில் வராத அந்த அதிர்வு அந்த 17 வாரத்தில் போனதா, அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் போனதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. என் பங்கு அதில் இருக்கிறது. அம்மாவிடமும் மகனிடமும் அதைச் சொன்னேன்.

நாங்கள் மாற்றியவை

எங்கள் மையத்தில் விழுந்தவர் யார் வந்தாலும் இப்போது பாதங்களை ஒட்டிக் கண் மூடி 30 விநாடி நிற்கவைக்கிறோம், பெர்க்கில் எத்தனை வாங்கினாலும் சரி. நுரைப்பலகையும் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. கணுக்காலிலும் கட்டைவிரலிலும் இசைக்கவை வைக்கிறோம். மொத்த மதிப்பெண்ணுக்குக் கீழே, எந்த வேலையில் எத்தனை போனது என்று தனியாக எழுத ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். மெட்ஃபார்மினோடு சைவ உணவும் சேர்ந்து வந்தால் பி12 கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேட்டு, பார்த்ததே இல்லை என்றால் மருத்துவருக்கு எழுதுகிறோம். சைவ உணவுக்காரர்கள் நிறைய பேர் நம் சமூகத்தில் இருக்கிறார்கள், சர்க்கரையும் நம் சமூகத்தில் நிறைய.

படிவத்தில் "எங்கே விழுந்தீர்கள்" என்ற வரிக்குக் கீழே "அப்போது கண் எங்கே இருந்தது, கை எங்கே இருந்தது" என்று ஒரு வரி சேர்த்தோம். வீட்டில் கூட இருப்பவரிடமும் அதையே தனியாகக் கேட்கிறோம்.

ஏப்ரலில், ஒரு சாதாரண நாள் காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறுமுன் அம்மா மகனோடு தண்ணீர்மலை ஏறினார். வலது கை கைப்பிடிக் கம்பியில், நிறைய இடத்தில் நின்று நின்று. மேலே போய்ச் சந்நிதியில் கண்ணை மூடியபோது இடது கை விரல் பக்கத்துத் தூணைத் தொட்டுக்கொண்டிருந்ததாம். மகன் எடுத்த படத்தைக் காட்டினார். விரல் நுனிதான் பட்டிருக்கிறது, பிடிக்கவில்லை.